வாசலிலிருந்து ஊசி வரை: அந்த 95 நிமிடம் எங்கே போகிறது?

"எங்கள் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் கூப்பிட்ட பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறார். சி.டி. ஸ்கேன் தரைத்தளத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பக்கவாத நோயாளி உள்ளே வந்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏற 95 நிமிடம் ஆகிறது. எமர்ஜென்சிக்கென்று தனி ஸ்கேன் மெஷின் கேட்கலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷினைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், அடியில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: எல்லாரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம், பிறகு நேரம் எங்கே போகிறது? நேரத்தைத் தின்பது காத்திருப்பு. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று வேலைகள் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையை உடைக்காமல் இரண்டாவது மெஷின் வாங்கினால், இரண்டாவது மெஷின் வாசலிலும் அதே வரிசைதான் நிற்கும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தை வைத்து நடந்த ஒன்பது ஆய்வுகளின், 6,756 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2014ல் வந்தது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 100க்கு 33 பேர் கிட்டத்தட்ட ஊனமில்லாமல் தேறினார்கள்; மருந்து பெறாதவர்களில் 23 பேர். 3 மணி நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால், மருந்து பெற்றவர்களில் 100க்கு 35 பேர், பெறாதவர்களில் 30 பேர். பத்து பேர் என்றிருந்த லாபம் ஐந்தாகச் சுருங்கிவிடுகிறது. அதைத் தாண்டினால் வித்தியாசம் தேய்ந்து போகிறது. மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு மருந்து பெற்றவர்களில் 6.8 சதவீதம், பெறாதவர்களில் 1.3 சதவீதம். முதல் ஏழு நாட்களில் அந்தக் கசிவால் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 2.7 சதவீதம், பெறாதவர்களில் 0.4 சதவீதம். கசிவு ஆபத்து எப்போது போட்டாலும் ஏறக்குறைய அதேதான். பலன்தான் நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறது. அதனால்தான் இந்தச் சிகிச்சையில் கடிகாரமே மருந்தில் பாதி.

நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அது 2006ல் போட்ட ஒரு சராசரிக் கணக்கு, பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கானது. பக்கத்துக் குழாய்கள் வழியாக வரும் மாற்று ரத்த ஓட்டம் நன்றாக உள்ளவருக்கு இழப்பு மெதுவாக நடக்கும், இல்லாதவருக்கு இன்னும் வேகமாக நடக்கும். வாசலில் நிற்கும் நோயாளி எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், எல்லாரையும் வேகமாக இழப்பவராகவே நடத்த வேண்டியிருக்கிறது. ஆனால் நடைமுறையில் தலைகீழாக நடப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது: அரை மணியில் வந்துவிடும் நோயாளிக்குத்தான் ஊசி தாமதமாகிறது. "இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறதே" என்ற நினைப்புதான் காரணம். உங்கள் பதிவேட்டிலும் இதைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

வரிசையை உடைத்தவர்களில் நான் முதலில் காட்டுவது பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையை. 1998ல் அங்கே வாசலிலிருந்து ஊசிக்கு இடைநிலை நேரம், அதாவது எல்லா நோயாளிகளின் நேரத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 105 நிமிடம். 2003ல் 60, 2011ல் 20. ஒரே ஆண்டில் நடந்த அதிசயம் இல்லை இது. பன்னிரண்டு சின்னச் சின்ன மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட கொள்கை ஒன்றே ஒன்று: நோயாளி வந்த பிறகு செய்யும் வேலையை முடிந்தவரை குறை, வண்டியில் வந்துகொண்டிருக்கும்போது முடிந்தவரை செய்துவிடு. அது பின்லாந்து, நமக்குச் சரிப்படாது என்பவர்களுக்கு மெல்போர்ன் பதில் சொல்கிறது. 2012ல் ராயல் மெல்போர்ன் மருத்துவமனை அந்தப் பன்னிரண்டில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டது: ஆம்புலன்ஸிலிருந்து முன்தகவல், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக சி.டி. மேசைக்கு, ஸ்கேன் முடிந்த கையோடு சி.டி. அறையிலேயே ஊசி. நான்கே மாதத்தில் பகல் வேலை நேரத்தில் இடைநிலை 43லிருந்து 25 நிமிடமாக இறங்கியது. வேலை நேரம் தவிர்த்த இரவிலும் விடுமுறையிலும் 67லிருந்து 62 என்று கிட்டத்தட்ட அப்படியே நின்றது. இந்த இரவு எண்ணுக்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

முன்தகவலில் ஐந்து விஷயம் வந்தால் போதும். கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள். முகம், கை, பேச்சு இவற்றில் எது மாறியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. நோயாளியின் பெயரும் வயதும். கூட வருபவரின் கைப்பேசி எண். முதல் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. "எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டால், "காலையில் ஆறு மணிக்கு எழுந்தபோது" என்பார்கள். ஆனால் அது கவனித்த நேரம். இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும்போதுதான் கடைசியாக நன்றாக இருந்தார் என்றால், கடிகாரம் பத்து மணியிலிருந்து ஓடுகிறது. "நடுவில் பாத்ரூம் போக எழுந்தாரா? அப்போது சரியாக நடந்தாரா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் சிலருக்கு வாசல் திறக்கும். நேரமே தெரியாத, தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து முடிவெடுக்க வழி உண்டு. அது தனிப் பாதை, இங்கே அதற்குள் போகவில்லை.

நம் ஊரில் நிறைய பேர் 108ல் வருவதில்லை. காரிலோ ஆட்டோவிலோ வருகிறார்கள். அவர்களுக்கு முன்தகவல் கிடையாது. அங்கே வேலை செய்ய வேண்டியவர் வாசலில் நிற்கும் காவலாளியும், பதிவு மேசையில் இருப்பவரும்தான். வாய் கோணல், ஒரு பக்கக் கை விழுவது, பேச்சுக் குழறல் — இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால், மருத்துவர் பார்க்கும்வரை காத்திருக்காமல் ஸ்ட்ரோக் அழைப்பைக் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். ஒரே எண், அதை அழுத்தினால் நரம்பியல் மருத்துவர், சி.டி. டெக்னீஷியன், எமர்ஜென்சி நர்ஸ் மூவருக்கும் ஒன்றாக மணி அடிக்க வேண்டும். எமர்ஜென்சி மருத்துவர் பார்த்து, பிறகு மருத்துவ நிபுணரைக் கூப்பிட்டு, அவர் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிடுகிற சங்கிலியில் மட்டும் இருபது நிமிடம் போகும். தவறான அழைப்பு வரத்தான் செய்யும். பத்தில் மூன்று நான்கு பக்கவாதமே இல்லாமல் போனாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்படி அழைத்தவரை ஒரு தடவை கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் தயங்குவார்.

உள்ளே வந்ததும் எமர்ஜென்சி கட்டிலுக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் சட்டை கழற்றுவது, இ.சி.ஜி., எக்ஸ்ரே, சிறுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். ஊசிக்கு முன் கண்டிப்பாகத் தெரிய வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்: குளுக்கோமீட்டரில் சர்க்கரை. 50க்குக் கீழே இருந்தால் அதுவே பக்கவாதம்போல் நடிக்கலாம். குளுக்கோஸ் ஏற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். தட்டணு எண்ணிக்கை, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்து அனுப்புங்கள், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வார்ஃபரின் என்ற பழைய வகை உறைவு எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுபவர், ஈரல் நோய் உள்ளவர், ரத்தப்போக்கு நோய் இருப்பதாகச் சந்தேகம் உள்ளவர் — இவர்களுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். ஐ.என்.ஆர். 1.7க்கு மேல், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் ஊசி கூடாது. விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை எமர்ஜென்சியில் வைத்தால் வார்ஃபரின்காரர்களுக்கான காத்திருப்பும் போய்விடும். தனி ஸ்கேனுக்குக் கேட்க நினைத்த பணத்தில் ஒரு துளி போதும் அதற்கு. புது வகை உறைவு எதிர்ப்பு மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். துணை செய்யாது, கடைசி மாத்திரை எப்போது என்ற கேள்விதான் முக்கியம். 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தால் வழக்கமாகப் போடுவதில்லை.

ஸ்ட்ரெச்சர் நகரும்போதே முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான், அதாவது 18 கேஜ், ஒன்று போட்டுவிடுங்கள். புறங்கையில் சின்ன ஊசி போட்டுவிட்டு, ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு மறுபடி நரம்பு தேடுவது அன்றாடம் நடக்கும் விரயம். எடையை ஊகிக்காதீர்கள், மருந்து எடைக்கு ஏற்பத்தான். ஸ்ட்ரெச்சரோடு ஏறி நிற்கிற தரைத் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டாரிடம் கேளுங்கள்.

ரத்த அழுத்தம் இன்னொரு அடைப்பு. ஊசிக்கு முன் 185/110க்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு 24 மணி நேரம் 180/105க்குக் கீழே. பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: ஸ்கேன் முடிந்து, ஊசி போடலாம் என்று முடிவான பிறகு 210/120 என்று கண்டுபிடிக்கிறார்கள், அதன் பிறகு மருந்து தேடி, கொடுத்து, இறங்கும்வரை நிற்கிறார்கள். வாசலிலேயே அளந்து, அதிகமாக இருந்தால் ஸ்கேன் அறைக்குப் போகும் வழியிலேயே அழுத்தத்தைக் குறைக்கும் லாபெட்டலால் 10 முதல் 20 மி.கி. நரம்பு வழியாக மெதுவாகக் கொடுத்துவிட்டால், படம் வருவதற்குள் அழுத்தமும் இறங்கியிருக்கும். நாக்கடியில் நிஃபெடிபின் வைப்பது வேண்டவே வேண்டாம். அழுத்தம் தடாலென்று விழுந்து, ஏற்கெனவே பட்டினி கிடக்கும் மூளைப் பகுதிக்கு இருந்த கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். அதிகத் தவறுகள் நடக்கும் இடம் இது. மருந்து மருந்தகத்தில் இருந்தால், சீட்டு எழுதி, பில் போட்டு, பணம் கட்டி, வாங்கி வர இருபது நிமிடம் சாதாரணமாகப் போகும். இரண்டு நோயாளிக்கான மருந்து, பம்ப், சிரிஞ்சுகள், லாபெட்டலால், எடை வாரி அளவு அட்டவணை எல்லாம் சேர்த்த ஒரு பெட்டி சி.டி. அறைக்கு வர வேண்டும். பயன்படுத்தியதை நிர்வாகம் பிறகு நிரப்பிக்கொள்ளட்டும், பில் பிறகு போகட்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கை தேவை, அதில் நிர்வாக அதிகாரியின் கையெழுத்து தேவை. ஒரு தடவை வாங்கிவிட்டால், எனக்குத் தெரிந்து இதைவிட மலிவாக இவ்வளவு நிமிடம் மிச்சமாகும் வழி வேறில்லை.

ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. அதில் பத்து சதவீதம் ஒரு நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில். 60 கிலோவுக்கு மொத்தம் 54, ஊசியாக 5.4, பம்ப்பில் 48.6. 50 மி.கி. குப்பியை அதோடு வரும் 50 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கரைத்தால் மி.லி.க்கு ஒரு மி.கி. ஆகிறது, கணக்கு எளிது. குலுக்காதீர்கள், நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்றுங்கள். தேவைக்கு மேல் உள்ளதை, பம்ப்பில் மாட்டுவதற்கு முன்பே எடுத்துக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் முழுக் குப்பியும் ஏறிவிடும். இன்னும் இரண்டு ஓட்டைகள் யார் கண்ணிலும் படாமல் போகின்றன. ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஐந்து நிமிடம்போலத்தில் பாதியாகிவிடுகிறது. முதல் ஊசியைப் போட்டுவிட்டு, பம்ப்பைத் தேடப் பதினைந்து நிமிடம் போனால், போட்டது கிட்டத்தட்ட வீண். ஆகவே பம்ப் தயாராக இருக்கும்போதுதான் முதல் ஊசி. அடுத்தது, குப்பி காலியானதும் பம்ப் சத்தமிடும், நர்ஸ் கழற்றிவிடுவார். ஆனால் குழாய்க்குள் இன்னும் பல மி.லி. மருந்து நிற்கிறது. அதே வேகத்தில் சலைன் ஓடவிட்டுக் குழாயில் உள்ளதையும் உள்ளே அனுப்ப வேண்டும். எடை குறைந்த நோயாளிகளுக்கு இது சின்னப் பங்கு இல்லை.

கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டிப்ளேஸ் இந்தச் சிக்கல்களில் பாதியைத் தீர்க்கிறது: ஒரே தள்ளு, பம்ப் வேண்டாம், வேறு ஊருக்கு அனுப்புவதும் எளிது. கனடாவில் 2022ல் வெளியான ஆய்வில் கிலோவுக்கு 0.25 மி.கி. பெற்றவர்களில் 36.9 சதவீதமும், ஆல்டிப்ளேஸ் பெற்றவர்களில் 34.8 சதவீதமும் நன்றாகத் தேறினார்கள். எனவே அதற்குக் குறைந்ததல்ல என்று துணிந்து சொல்லலாம், அதைவிட மேல் என்று சொல்ல இடமில்லை. உச்ச அளவு 25 மி.கி. இந்தியத் தயாரிப்புகளில் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று அங்கீகாரம் பெற்றதும் உண்டு. கையில் இருக்கும் பெட்டியைப் படித்து, உங்கள் நரம்பியல் மருத்துவரோடு பேசி, ஒரே அளவை முடிவு செய்து சுவரில் ஒட்டுங்கள். முக்கியமான எச்சரிக்கை: மாரடைப்புக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான், ஆனால் அளவு இரண்டு மடங்குக்கு மேல். 60 கிலோ மாரடைப்பு நோயாளிக்கு 35 மி.கி.; பக்கவாதத்துக்கு 15. எமர்ஜென்சி ஊழியருக்குப் பழக்கமானது முதலாவது. பக்கவாதப் பெட்டியில் வேறு நிற அட்டவணை வையுங்கள். தள்ளுவதற்கு முன் இன்னொருவர் அளவை வாய்விட்டுப் படிக்கட்டும். குளுக்கோஸ் ஓடும் குழாயில் இதைத் தள்ளினால் படிந்துவிடும். முன்னும் பின்னும் சலைன்.

சம்மதம் வாங்குவதில் தாமதம் வருவது குடும்பம் யோசிப்பதால் என்று சொல்வார்கள். பாதி அப்படி இல்லை. ஸ்கேன் முடிந்த பிறகுதான் முதல் தடவையாக "ஊசி", "ரத்தக்கசிவு", "உயிருக்கு ஆபத்து" என்ற சொற்களைக் கேட்கிறார்கள். திகைக்காமல் என்ன செய்வார்கள்? ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நடந்துகொண்டே பேச்சைத் தொடங்குங்கள். "அப்பாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவோம். சீக்கிரம் போட்டால் நூறு பேரில் பத்துப் பேர் கூடுதலாக நன்றாகிறார்கள். ஐந்தாறு பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு வரலாம், இரண்டு பேர் அதனால் இறக்கலாம். அந்த இழப்பையும் கழித்த பிறகுதான் அந்தப் பத்து." இவ்வளவுதான், ஒரு நிமிடம். முடிவெடுக்க வேண்டிய மூத்த மகன் வெளியூரில் இருந்தால், அதற்குத்தான் கைப்பேசி எண்ணை முன்பே வாங்கச் சொன்னது. பணத்தைப் பற்றிய பேச்சை இந்த உரையாடலுக்குள் கொண்டுவராதீர்கள், வேறொருவர் தனியாகப் பேசட்டும்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும், மேசையிலேயே ஊசி. எழுத்து வடிவ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். திரையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் போதும். பெரிய குழாய் அடைப்பைத் தேடும் ஸ்கேனை ஊசிக்குப் பிறகு எடுங்கள், கிரியாட்டினினுக்காக அதையும் நிறுத்த வேண்டாம். கட்டியை வெளியே எடுக்கும் வசதி உள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் ஊசி போட்டுவிட்டே அனுப்புங்கள்.

வேகப்படுத்தினால் தவறு அதிகமாகாதா என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்காவில் 2010ல் தொடங்கிய தேசிய முயற்சியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில், இடைநிலை 77லிருந்து 67 நிமிடமாக இறங்கியபோது அறிகுறி தரும் ரத்தக்கசிவு 5.7 சதவீதத்திலிருந்து 4.7 ஆகக் குறைந்தது. இது முன்–பின் ஒப்பீடு. வேகம்தான் கசிவைக் குறைத்தது என்று இதிலிருந்து நிரூபிக்க முடியாது. வேகம் கசிவைக் கூட்டவில்லை என்பதற்கு இது போதும். வலிப்புக்குப் பிந்திய தளர்ச்சி மாதிரி, பக்கவாதம் இல்லாதவருக்கு ஊசி போய்விட்டாலும் கசிவு அபூர்வம்.

நான் தயங்குவது இரவைப் பற்றி. மெல்போர்னின் 62 நிமிடத்துக்குத் திரும்பினால், பகலில் நடக்கும் எதுவும் இரவில் தானாக நடக்காது என்பதுதான் பாடம். டெக்னீஷியன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்றால், இதுவரை சொன்ன அனைத்தும் அவருடைய பைக்குக்குப் பின்னால்தான் நிற்கும். உங்களுக்கு ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும் என்றால், அது இரண்டாவது மெஷினாக இருக்க வேண்டாம். இருக்கும் மெஷினுக்கு இரவு முழுதும் ஆள் இருக்கட்டும். நரம்பியல் மருத்துவர் நேரில் வருவது அவ்வளவு கட்டாயமில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் நரம்பியல் மருத்துவர் இல்லாத மாவட்ட மருத்துவமனைகளில், ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, பொது மருத்துவர்களே ஊசி போட்டிருக்கிறார்கள்.

அளக்கத் தொடங்கும் முன் கடிகாரங்களைச் சரிபாருங்கள். எமர்ஜென்சி சுவர்க் கடிகாரம், சி.டி. மெஷினில் பதியும் நேரம், நர்ஸின் கைக்கடிகாரம் மூன்றும் ஆறேழு நிமிடம் மாறி நிற்பது சர்வ சாதாரணம். பிறகு கடைசியாக ஊசி பெற்ற பத்துப் பேரின் கேஸ் ஷீட்டை எடுத்து நான்கு நேரத்தைக் குறியுங்கள்: வாசல், ஸ்கேன் தொடக்கம், போடலாம் என்று முடிவான நேரம், ஊசி. சராசரி வேண்டாம், ஒரே ஒரு மூன்று மணி நேரக் கேஸ் அதைக் கெடுத்துவிடும். இடைநிலையை எடுங்கள், பகலையும் இரவையும் தனித்தனியாக. வாசலுக்கும் ஸ்கேனுக்கும் இடையில் நீளமாக இருந்தால் அழைப்புச் சங்கிலியையும் கட்டிலையும் பாருங்கள். முடிவுக்கும் ஊசிக்கும் இடையில் நீளமாக இருந்தால் மருந்தகமும் ரத்த அழுத்தமும். நடுவில் நீளமாக இருந்தால் ரிப்போர்ட்டும் சம்மதமும். உங்கள் 95ல் எந்தத் துண்டு பெரியது என்று எழுதினால், அந்தத் துண்டைப் பற்றி மட்டும் இன்னும் விரிவாகச் சொல்கிறேன்.